வெட்டாத பதினாறு பக்கங்கள்

சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து மூட்டைகளை இறக்கியபோது முசே அருளப்பன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாசலில் நின்றிருந்தார். காலையிலிருந்தே தூறல். ரிக்‌ஷாக்காரர் ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் தூக்கி வந்து சலோனில், அதாவது அந்த வீட்டின் முன் கூடத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில் போட்டார். நனைந்த சாக்கும் அச்சு மையும் கலந்து ஒரு வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

நான் மூட்டைகளை எண்ணினேன். பதினொன்று. நாங்கள் மெட்ராசுக்கு அனுப்பியதும் பதினொன்றுதான்.

“ஒண்ணுகூட விக்கலையா முசே?”

“எங்கயாவது கடுதாசி சொருகியிருப்பான், பாரு.”

முதல் மூட்டையின் வாயிலேயே இருந்தது. மெட்ராஸ் புத்தகக் கடைக்காரர் சுருக்கமாக எழுதியிருந்தார். எல்லாப் பிரதிகளிலும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பைண்டிங் பிழை. வாங்கிப் போனவர்கள் மறுநாளே திரும்பி வந்து சண்டை போடுகிறார்கள். சரிசெய்து தை பிறப்பதற்குள் அனுப்பினால் பொங்கல் விற்பனையில் வைத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகு என்றால் தயவுசெய்து வேண்டாம்.

முசே அதை இரண்டு தடவை படித்தார். கன்னத்தில் நுரை காய்ந்துவிட்டது. “பிழையா? பிழைங்கறானா?” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். உள்ளே இருந்த அவர் மனைவி மதாம் செசில், “மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க” என்றார்.

போன வாரம் இந்தத் தொடரில், நான் அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ‘ஸ்டென்சில் கதையெல்லாம் சரி, முதல் புத்தகம் எப்போது வரும்?’ என்று ஒரு வாசகர் பொறுமையிழந்து கேட்டிருக்கிறார். வந்தது ஐயா. வந்த வேகத்தில் திரும்பியும் வந்தது.

கத்தியோடு படிக்க வேண்டிய நாவல்

முசே அருளப்பன் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை அந்தக் காலத்திலும் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் வீட்டு அம்மாவை ‘மதாம்’ என்போம். கோர்ட்டு வேலை போன பிறகு அவருக்கு வந்த ஆசை, தமிழ்ப் புத்தகம் போடுவது. சொந்த அச்சகம் கிடையாது. எழுத்தாளர்களும் கிடையாது. எங்கள் ஆபீசுக்கு ஏதோ சான்றிதழ் வாங்க வந்தவர், ஸ்டென்சிலில் நகல் ஓட்டிக் கெட்டுப்போன தாளின் பின்பக்கம் நான் எழுதி வைத்திருந்ததை எட்டிப் பார்த்தார். முழுசாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அப்படித்தான் என் முதல் நாவல் ‘ஐந்தரைச் சங்கு’ அச்சுக்குப் போனது.

அவர் வீட்டில் சுவர் தெரியாத அளவுக்குப் பிரெஞ்சுப் புத்தகங்கள். கப்பலில் வந்தவை. அவற்றில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கங்களை அச்சடித்து மடித்தால் அது ஒரு பாரம். நம் அச்சகங்களில் பாரங்களைத் தைத்து, அட்டை போட்டு, மூன்று ஓரங்களையும் மெஷினில் சீவித்தான் வெளியே அனுப்புவார்கள். அந்தப் பிரெஞ்சுப் புத்தகங்களைச் சீவவில்லை. மடித்தது மடித்தபடி இருக்கும். ஒரு பக்கம் தெரியும், அடுத்த இரண்டு பக்கம் பை மாதிரி மூடியிருக்கும். படிக்கிறவர் ஒரு மழுங்கல் கத்தியை உள்ளே விட்டு, மடிப்பை அறுத்து அறுத்துப் படித்துக்கொண்டு போக வேண்டும்.

முசேயைப் பொறுத்தவரை கௌரவமான புத்தகம் என்றால் அதுதான்.

“கடையில ரொட்டி வாங்கறோம். கடைக்காரன் கடிச்சிக் குடுப்பானா? முழுசாத்தான் குடுப்பான். படிக்கிறவன் தன் கையால வெட்டிப் படிச்சாத்தான் அது அவன் புஸ்தகம்” என்றார்.

நானும் பெரிதாகத் தலையாட்டினேன். முதலியார்பேட்டை மில் தெருவில் வளர்ந்த எனக்கு, என் நாவலைக் கத்தி வைத்துக்கொண்டு படிப்பார்கள் என்பதே தலைகால் புரியாத பெருமையாக இருந்தது. அச்சகத்தில் கட்டிங் மெஷின்காரர் மட்டும், “கட்டிங் வேணாமா? நெசமாவா?” என்று மூன்று முறை கேட்டார். வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். இந்தப் பழியை முசே தலையில் மட்டும் கட்டிவிட்டு நான் நழுவ முடியாது.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். நாவலின் கடைசி அத்தியாயத்துக்குத் தாள் போதாது, எடுத்துவிடலாம் என்று முசே சொல்லியிருந்தார். “அதுக்கு முன்னாலயே கதை முடிஞ்சிடுது, சரோஜா. அது இல்லன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று சண்டை போட்டேன். கடைசியில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரி கூடுதலாகத் திணித்து, அந்த அத்தியாயத்தைக் கடைசிப் பாரத்தில் கச்சிதமாக உட்கார வைத்தோம். திணித்ததில் பக்கத்துக்கு மேலே மார்ஜின் என்று ஒன்று இல்லாமலே போயிற்று.

மூட்டைகள் திரும்பிய அன்று மத்தியானம் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன். மெஷின்காரர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இப்ப மெஷின்ல குடுத்தா மேல் வரி பாதி பாதியாப் போயிடும்மா. கையாலதான் வெட்டணும்.”

ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான பிரதிகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பாரம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நானும் முசேயும் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து வெட்டினோம். நான்கு பிரதி முடிந்தது. என் விரல்களில் ஏழு இடத்தில் தாள் கிழித்திருந்தது. முசேக்கு வெட்டுவதில் மனமே இல்லை. வெட்டிக் கொடுப்பது தோல்வி என்று முனகிக்கொண்டே இருந்தார்.

“உங்க மரியாதையெல்லாம் மூட்டை கட்டி இங்க போட்டுட்டா நான் எங்க நடக்கறது?” என்று மதாம் கேட்டார். தை பிறக்க ஐந்து வாரம்தான் இருந்தது. வெட்டி முடிக்காவிட்டால் என் நாவலைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

காசி அக்கா

திங்கள்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் காசி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி இது, வெரலு பூரா துணி சுத்தி வெச்சிருக்க?”

காசியம்மாள் எங்கள் தெரு. மில்லில் என் அம்மாவோடு வைண்டிங் பிரிவில், நூலை உருளையில் சுற்றும் மெஷின்களில், பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தவள். அந்த மாதங்களில் மில் பூட்டிக் கிடந்தது. பஞ்சுத் தூசியால் வந்த இருமல் மட்டும் பூட்டாமல் அவளோடு இருந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ‘ஐந்தரைச் சங்கு’ வைண்டிங் பெண்களைப் பற்றிய நாவல். அதன் கதாநாயகி பாக்கியம். பாக்கியத்தின் வாழ்க்கை முக்கால்வாசி காசி அக்காவின் வாழ்க்கை. சின்ன வயசில் தவளக்குப்பத்துக்கு அப்பாலிருந்து நடந்தே வந்து மில்லில் சேர்ந்தது, கையைப் பிடித்த மேஸ்திரியை எல்லார் முன்னாலும் அறைந்தது, புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்தது எல்லாம் அவள் சொன்னவை. எத்தனையோ மத்தியானங்கள் அவள் வீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். “கதை எழுதப் போறேங்க்கா” என்று சொன்னபோது, “எழுது, எழுது. எனுக்கென்ன, படிக்கவா போறேன்?” என்று சிரித்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

கடைசி அத்தியாயத்தில் நான் அவளைக் கொன்றிருந்தேன்.

பாக்கியம் இருமி இருமி, பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறாள். பூட்டிய மில் மறுபடி திறக்கிற அன்று விடியற்காலை ஐந்தரைச் சங்கு ஊதும்போது அவள் மூச்சு நிற்கிறது. இதற்காகத்தான் முசேயோடு அப்படிச் சண்டை போட்டேன். கதாநாயகி சாகாமல் ஒரு நாவல் முடிந்தால் அது இலக்கியம்தானா என்று அப்போது எனக்குப் பலத்த சந்தேகம் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் நான் புத்தகம் திரும்பி வந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“அவ்ளோதான? நாங்க வேலயில்லாம கொட்டாவி உட்டுக்கிட்டுக் கெடக்குறோம். எட்டு பேர இட்டுக்கிணு வந்துட்றேன், எடத்தச் சொல்லு.”

“வேணாங்க்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“சிரமமா? உங்க அம்மா இருந்தா வந்து செய்ய மாட்டாளா?”

முசே வீட்டுக்கு வழி சொன்னேன். ஆபீசில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன்.

முசே வீட்டில் வைண்டிங் பிரிவு

எட்டுப் பெண்களும் காசி அக்காவும் முசே வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றார்கள். மதாம் செசில் கவுன் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு நிமிஷம் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எல்லாருக்கும் காப்பி குடிக்கற பழக்கம் உண்டுதான?” என்றார் மதாம்.

அதோடு நாற்காலிகள் ஓரமாகப் போயின. எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

முதல் பிரச்சினை ஆயுதம். முசேயிடம் தந்தத்தில் செய்த தாள் வெட்டும் கத்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெண்கள் பிளேடு கொண்டு வந்திருந்தார்கள். முசே பதறினார். கூரானது ஆகாது, வழுக்கி எழுத்துக்குள் போய்விடும், மழுங்கலாக, மெல்லிசாக, தட்டையாக இருக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். மதாம் எழுந்து சமையலறைக்குப் போய்த் தோசைத் திருப்பியோடு வந்தார்.

“இதானே நீங்க சொல்றது?”

“மோன்தியே!” என்று முசே தலையில் கைவைத்தார். பிரெஞ்சில் கடவுளே என்று அர்த்தம். ஆனால் தோசைத் திருப்பி மடிப்புக்குள் நுழைந்து சர்ரென்று சுத்தமாக வெட்டிக்கொண்டு போனது. அன்று அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிச் சமாளித்தோம், மறுநாள் ஆளுக்கொரு தோசைத் திருப்பியோடு வந்தார்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தது காசி அக்கா. ஒருத்தி மேல் மடிப்பு, அடுத்தவள் பக்க மடிப்பு, அதற்கடுத்தவள் தூசியைத் தட்டித் துடைத்து அடுக்குவது. புத்தகம் கைமாறிக்கொண்டே இருந்தது. முசே எட்ட நின்று வாயைத் திறந்தபடி பார்த்தார். நாங்கள் ஒரு நாள் முழுக்க வெட்டியதை அவர்கள் வந்த அரை மணியில் தாண்டிவிட்டார்கள்.

அவர்களில் வள்ளி மட்டும் எட்டாவது வரை படித்தவள். சின்ன வயசு, சும்மா இருக்க முடியாது. “இத்தினி வெட்டுறோமே, உள்ள இன்னாதான் எழுதியிருக்கு?” என்று முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

நான் குனிந்து மடிப்பையே பார்த்து வெட்டினேன்.

நாலாவது பக்கத்திலேயே ஒருத்தி, “ஏய், இது நம்ம மில்லுடி!” என்றாள். பிறகு கேட்கவா வேண்டும்? யார் எந்தப் பாத்திரம் என்று கண்டுபிடிக்கிறதே அன்றைய விளையாட்டாகிவிட்டது. மேஸ்திரி அறை வாங்கும் இடம் வந்ததும் கைகள் நின்றன.

“காசி! இது நீதானடி!”

காசி அக்கா முகத்தைத் திருப்பாமல் வெட்டிக்கொண்டே சொன்னாள். “நானு எடது கையால அறஞ்சேன். வலது கையில நூலு இருந்திச்சி. இவ வலது கைன்னு எழுதியிருக்கா. கூட வேல செஞ்சவ எவளாவது இத ஒத்துக்குவாளா?”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அதுவரை வாசகர் என்றால் என் மனசில் வந்தது மெட்ராசில் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் படிக்கிற யாரோ ஒரு ஆண். என் வாக்கியத்தை இன்னொருத்தர் வாயால் கேட்டதும் அன்றுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கதை சூடு பிடித்ததும் காசி அக்கா ஒரு சட்டம் போட்டாள்.

“இன்னிக்கி எதுவரைக்கும் படிக்கிறோமோ அதுவரைக்கும்தான் வெட்டணும். எல்லாப் பொஸ்தகத்துலயும். முன்னால எட்டிப் பாக்கறவளுக்குக் காப்பி கெடயாது.”

அப்படியே நடந்தது. ஒரு நாளைக்கு மூன்று பாரம், எல்லாப் பிரதிகளிலும். வேலையும் ஒழுங்காகப் போனது. நான் மட்டும் ஒவ்வொரு பாரமும் முடிய முடிய இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மெல்ல ஒரு தந்திரம் செய்து பார்த்தேன்.

“கடைசி பாரத்த நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி வெட்டிக்கிறேங்க்கா. உங்களுக்கும் தூசியில இருமல் ஜாஸ்தியாகுது.”

“ஏன், எங்க வேல சுத்தமா இல்லியா?”

நான் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தேன்.

கடைசிப் பாரம்

நான்காம் நாள் மத்தியானம் பதினொரு பாரம் முடிந்தது. கடைசிப் பாரத்தை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் வெட்டலாம் என்றார்கள். வள்ளி தன் கையிலிருந்த பிரதியில் மட்டும் மடிப்பை வெட்டி வெட்டிப் படித்தாள். மற்றவர்கள் தோசைத் திருப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பாக்கியத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வள்ளியின் குரல் இறங்கியது. ஜன்னல் ஓரக் கட்டிலில் பாக்கியம் படுத்திருக்கிற இடம் வந்ததும் படிப்பதையே நிறுத்திவிட்டாள்.

“மேல படி” என்றாள் காசி அக்கா.

“வேணாங்க்கா.”

“படிங்கறேன்ல?”

வள்ளி படித்தாள். சங்கு ஊதியது. பாக்கியம் போய்விட்டாள்.

யாரும் காசி அக்காவைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரைக் கட்டங்களைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருமி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏண்டி சரோசா, இருமறவ எல்லாம் சாவணுமா?”

“இல்லக்கா... கதைக்கு ஒரு முடிவு வேணும்னு...” என்று ஏதோ உளறினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

காசி அக்கா கத்தவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

“அந்த சன்னலு, சன்னலுக்கு வெளிய வேப்பமரம், தலமாட்டுல பச்சக் கலர் சொம்பு. அது உங்க அம்மா படுத்திருந்த எடம்டி. நானும் அங்கதான் இருந்தேன். உங்க அம்மா சாவ ஏண்டி என் தலையில எழுதுன?”

நான் அழுதேன். எட்டுப் பெண்கள், முசே, மதாம் எல்லார் முன்னாலும் மூக்கு ஒழுக அழுதேன். என் அம்மா அந்த ஜன்னலோரம் செத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சுடுதண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு வரி எழுதியதில்லை. வேறொருத்தி பெயரில்தான் என்னால் அதை எழுத முடிந்திருக்கிறது. அந்த அத்தியாயத்துக்காக ஏன் அப்படிச் சண்டை போட்டேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. இலக்கியமாவது ஒன்றாவது.

முசே தொண்டையைச் செருமினார். “தையலப் பிரிச்சிக் கடைசி பாரத்த மட்டும் உருவிடலாம். நான் அப்பவே சொன்னேன்...”

“உருவாதீங்க முசே” என்றாள் காசி அக்கா. “அது அவ அம்மா. கிழிச்சிப் போட அது இன்னா போன வருச காலண்டரா?”

பிறகு தோசைத் திருப்பியைத் தரையில் வைத்தாள்.

“வெட்ட வேணாம். அப்பிடியே மூடி இருக்கட்டும். படிக்கிறவளுக்கு வேணும்னா அவளே வெட்டிக்கட்டும். வேணாம்னா பாக்கியம் இருந்துட்டுப் போறா. நானு இன்னும் இருக்கேன் இல்ல?”

முசேயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “அதத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்! வாசகன் தன் கையால...” என்று ஆரம்பித்தவரை மதாம் ஒரு பார்வையில் உட்கார வைத்தார்.

மூடிய பாரத்தில் நடுநடுவே ஓரிரு பக்கங்கள் எட்டிப் பார்த்தால் தெரியும்தான். ஆனால் சாவு நடப்பது பைபோல மூடியிருந்த பக்கங்களில். நான் ஆபீசுக்குத் திரும்பியதும் ஒரு துண்டுச் சீட்டை அரசாங்கத்து ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, நகலெடுக்கும் மெஷினில் ஐந்நூறு ஓட்டினேன். (அப்போதைய மேலதிகாரி இன்று உயிரோடு இல்லை, ஆகவே எழுதலாம்.) ‘நாவல் இங்கே முடிந்ததாகவும் கொள்ளலாம். மேலே படிக்க விரும்புவோர் பக்கங்களை வெட்டிக்கொள்ளவும்.’ அதைக் கடைசிப் பாரத்துக்கு முன்னால் ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம்.

வள்ளி வெட்டிப் படித்த அந்த ஒரு பிரதியைக் காசி அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். “உங்க அம்மா இதுல இருக்கா. எங்கூட இருக்கட்டும்” என்றாள். நானும் முசேயும் முதலில் வெட்டிய நான்கையும் நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

தபால்

மெட்ராஸ் கடைக்காரரிடமிருந்து கார்டு வந்தது. ‘இந்த முறை பிழையைக் கடைசியில் மட்டும் வைத்திருக்கிறீர்கள்’ என்று எழுதியிருந்தார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. ஆனால் மூட்டைகள் திரும்பவில்லை. பொங்கல் போனது, மாசி போனது, மூட்டைகள் வரவேயில்லை. மதாம் மட்டும் ரிக்‌ஷா மணி கேட்டால் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒரு தமிழாசிரியர், இப்படி விளையாடுவது வாசகரை அவமதிப்பது என்று நான்கு பக்கம் திட்டியிருந்தார். ஒருவர் தன் மனைவி கத்தியை ஒளித்து வைத்துவிட்டதாகவும், கடைசிப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று தனக்கு மட்டும் ரகசியமாக எழுதும்படியும் கேட்டிருந்தார். தவளக்குப்பத்திலிருந்து ஒரு பெண், பெயர் போடாமல், இரண்டே வரி: ‘வெட்டிவிட்டேன். வெட்டாமல் இருந்திருக்கலாம்.’ அந்தக் கார்டை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

சில மாதம் கழித்து மில் திறந்தது. ஐந்தரைக்குச் சங்கு ஊதியபோது நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தெருவில் காசி அக்கா இருமிக்கொண்டே நடந்து போகிற சத்தம் கேட்டது. இருமல் சத்தம் கேட்டு ஒருத்தி சந்தோஷப்பட்டாள் என்றால் அது நானாகத்தான் இருக்கும்.

கருவடிக்குப்பம் பக்கம்

எண்பதுகளில் ஒரு வருஷம், வீடு மாறிக் கருவடிக்குப்பம் பக்கம் குடிபோனேன். அங்கே ஒரு சின்ன நூலகம், இரண்டே அறை. ஒரு சனிக்கிழமை சும்மா போனவள் நாவல் அலமாரியில் என் புத்தகத்தைப் பார்த்தேன். அட்டை போய் வேறு அட்டை ஒட்டியிருந்தது. பின்னால் தேதி முத்திரைச் சீட்டு நிரம்பி, அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் நிரம்பப் போகிற நிலையில் இருந்தது.

நின்றபடியே புரட்டினேன். ஓரங்கள் பழுப்பேறி, கைபட்டுக் கைபட்டுத் துணி மாதிரி ஆகியிருந்தன. மேஸ்திரி அறை வாங்கும் பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘போடு’ என்று எழுதியிருந்தார்கள். என் துண்டுச் சீட்டு அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த பாரத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

மூடியிருந்தது. அத்தனை மடிப்பும்.

ஒரு மடிப்பில் மட்டும் யாரோ ஒரு அங்குலம் வெட்டி, மனசு கேட்காமல் நிறுத்தியிருக்கிறார்கள். வெட்டிய அந்த ஒரு அங்குலத்தின் மேல் மெல்லிய தாளைக் கோந்து போட்டு ஒட்டியும் இருக்கிறார்கள்.

மேசையிலிருந்த நூலகர் என்னை யாரென்று அறியாதவர். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்.

“அது ஒட்டிக்கிட்டிருக்குதும்மா. நாலஞ்சு பேருக்கு வெட்டித் தரேன்னு சொன்னேன், வேணாம்னுட்டாங்க. உங்களுக்கு வெட்டித் தரவா?”

“வேணாம்” என்று சொல்லிப் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நேராகப் பஸ் பிடித்து முதலியார்பேட்டைக்குப் போனேன்.

காசி அக்கா வேலையிலிருந்து நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. பின்கட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தேங்காய்த்திட்டிலிருந்து மருமகன் கொண்டு வந்த சங்கரா. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், தேதிச் சீட்டிலிருந்து அந்த ஒரு அங்குலம் வரை. அவள் கை நிற்கவில்லை. செதில் தெறித்துக்கொண்டே இருந்தது.

“எத்தினி பேரு படிச்சிருப்பாங்க?”

“சீட்டு ரொம்பி மேல இன்னொண்ணு ஒட்டியிருக்காங்கக்கா. அதுவும் ரொம்பப் போவுது.”

“அத்தினி பேருமா வெட்டல?”

“ஒருத்தர்கூட வெட்டல.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, வாயில் சிரிப்பும் இருந்தது.

“இத்தினி பேரு வேணாம்னு சொல்றப்ப நானு எப்பிடிடி போவேன்?” என்றாள். உடனே இருமல் வந்தது. இருமி முடித்து, மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “கொழம்பு கொதிக்கிற நேரந்தான். சாப்ட்டுட்டுப் போ.”

அன்று நான் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.